பழகிய கை யாருடையது?

யோசிக்காமல் செய்கிற செயல் நம்முடையதா, பழக்கத்துடையதா? அமெரிக்க புளூகிராஸ் இசையில் கிதார் பழகுகிறவர்களிடம் இந்தக் கேள்விக்கு நல்ல விடை இருக்கிறது. ஃபிடிலுக்கென்று பிறந்த மெட்டுகளை ஒரே பிக்கால் (கம்பியை மீட்டும் சிறு தகடு) ஸ்வரம் ஸ்வரமாக வாசிக்க வேண்டிய இசை அது. வேகம் அங்கே வெறும் பகட்டுக்காக வந்ததல்ல. கிதார் கலைஞர் டாக் வாட்சன் 1950களில் வாசித்த நடன இசைக் குழுவில் ஃபிடில் கலைஞர் இல்லை. ஆடுகிறவர்களின் காலுக்கு ஈடுகொடுத்து அந்த மெட்டுகளை அவரே எலக்ட்ரிக் கிதாரில் வாசிக்க வேண்டியிருந்தது. நிமிடத்துக்கு 120 அடி, அடிக்கு நான்கு ஸ்வரம் என்றால் நொடிக்கு எட்டு ஸ்வரம். நொடிக்கு எட்டு முறை நின்று தீர்மானிக்க எந்த மனத்தாலும் முடியாது. பழக்கம் மட்டுமே நடத்தும் செயலில் சுதந்திரம் இல்லை என்று தத்துவ அறிஞர் காண்ட் கருதினார். அப்படியானால் வேகமாக வாசிப்பவர் வெறும் இயந்திரம்தானா?

இல்லை என்பதே என் வாதம். அந்தப் பழக்கம் எப்படி உருவாகிறது என்று பார்த்தால் போதும். ‘பிளாக்பெரி பிளாசம்’ மெட்டை எடுத்துக்கொள்வோம். அடியில் விழும் ஸ்வரத்துக்குப் பிக் கீழே போக வேண்டும், அடுத்ததற்கு மேலே வர வேண்டும், இப்படியே மாறி மாறி. ஒரு ஸ்வரத்தை விட்டுவிட்டாலும் கை காற்றில் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு கம்பியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில்தான் பெரும்பாலும் தடுக்கும். அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டினால் அந்தத் தடுமாற்றமும் சேர்ந்தே கையில் படிந்துவிடும். யாழ் வாசித்தே நல்ல கலைஞரும் உருவாகிறார், மோசமான கலைஞரும் உருவாகிறார் என்று அரிஸ்டாட்டில் சொன்னது இதைத்தான். தாளக் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து அந்த ஒரு தாவலையே திரும்பத் திரும்பக் கேட்டுத் திருத்துகிற வாரங்களில்தான் முடிவுகள் எடுக்கப்படுகின்றன. வேகமாக வாசிக்கும் நொடிக்கு முன்பே தேர்வு நடந்துவிடுகிறது. ஆகவே அந்த நொடிக்கும் பொறுப்பு வாசிப்பவருடையதே.

மெதுவாக வாசித்தால் மெதுவாக வாசிக்கத்தான் வரும், வேகத்தின் அசைவே வேறு என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. மெதுவாக வாசிக்கையில் பிக்கை அகல வீசிப் பழகியவர் வேகத்தில் திணறுவார். அதனால் இரண்டு பார்களை (தாள அளவுகளை) மட்டும் முழு வேகத்தில் வாசித்து நிறுத்தச் சொல்கிறார்கள். அப்படி நிறுத்துவதே காதால் சோதிப்பதற்குத்தானே. அங்கேயும் கவனம்தான் வேலை செய்கிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: பழைய முடிவுகளைக் கை ஒப்பிக்கிறது என்றால் இந்த நொடியில் சுதந்திரம் எங்கே? கென்டக்கி கர்னல்ஸ் குழு 1964இல் வெளியிட்ட ‘அப்பலாச்சியன் ஸ்விங்!’ இசைத்தட்டில் கிதார் கலைஞர் கிளாரன்ஸ் வைட் வாசிப்பதைக் கேட்க வேண்டும். அழுத்தம் விழும் என்று நாம் காத்திருக்கும் இடத்தை அவர் தள்ளிப்போடுகிறார். வரிகளைத் தாமதமாகத் தொடங்குகிறார். நடுவே இடைவெளி விடுகிறார். கீழும் மேலுமான அசைவைக் கை பார்த்துக்கொள்வதால்தான் எதைச் சொல்வது, எதை விடுவது என்று யோசிக்க அவருக்கு இடம் கிடைக்கிறது. பிக் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதிலேயே மனம் சிக்கிக்கொண்டிருக்கும் புதியவருக்கு அந்த இடம் இன்னும் வாய்க்கவில்லை.