பச்சை பிடிக்கும் வரை

இன்று நடவு முடிந்தது. சி.ஆர். 1009. நாற்றங்காலில் ஒன்றோடொன்று தோள் உரசிக் கரும்பச்சையாய் நின்ற நாற்றைப் பறித்து, வேர்மண்ணை அலசி, முடி முடியாகக் கட்டி வரப்பில் அடுக்கியிருந்தார்கள். மத்தியானத்துக்குள் வயல் நிறைந்துவிட்டது. சாயங்காலம் புதாற்றங்கரையில் நின்று பார்த்தேன். அத்தனையும் வெளிறித் தலை சாய்ந்து கிடந்தது. வருஷா வருஷம் பார்க்கிறதுதான். இந்த வருஷம் நிற்க முடியாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். என்னவள் போய் ஒன்பது மாதம்.

*

துக்கம் கேட்க வந்தவர்கள் கர்த்தர் சித்தம் என்றார்கள், நல்ல இடத்துக்குப் போய்விட்டாள் என்றார்கள். அதை நானும் நம்புகிறேன். உயிர்த்தெழுதலில் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. ஆனாலும் ராத்திரியில் அவள் பக்கத்துப் பாய் வெறுமையாகத்தான் இருக்கிறது. லாசருவின் கல்லறையை நோக்கிப் போன இயேசுவை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப்போகிறவர், அது தெரிந்தே அழுதார். அந்தக் கண்ணீருக்கு முன்னால் நான் என் அழுகையை ஒளிக்க வேண்டியதில்லை.

*

தஞ்சை சிவகங்கைப் பூங்காவில் இருக்கும் பழைய கிறிஸ்தவக் கோயிலுக்குப் போயிருந்தேன். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் 1779-இல் கட்டியது. உள்ளே ஒரு பளிங்குச் சிற்பம். ஐயர் மரணப் படுக்கையில் இருக்கிறார். தஞ்சை அரச குடும்பத்து இளம் சரபோஜி அவர் கையைப் பிடித்திருக்கிறார். லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனைக் கொண்டு சரபோஜியே செய்வித்தது. தஞ்சை மன்னர் துளஜா 1787-இல் சாகும்போது இந்தப் பிள்ளையை ஐயர் கையில் ஒப்படைத்தார். பிள்ளைக்குச் சேர வேண்டிய பட்டம் மன்னரின் தம்பி முறையான அமர்சிங்கிடம் இருந்தது. அதற்காக எழுதியும் பேசியும் பத்து வருஷம் காத்திருந்தவர், 1798 பிப்ரவரி 13-ஆம் தேதி கண்ணை மூடினார். பட்டம் கட்டியது அந்த ஜூனில். நாலு மாதம் பொறுத்திருந்தால் பார்த்திருப்பார் என்று மனம் அடித்துக்கொள்கிறது. பார்க்காமல் போவதும் நீடிய பொறுமையில் அடக்கம்தானோ என்னவோ.

பெட்டியை மூடும் முன் முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று சரபோஜி வந்தார், அழுதார், பொன்துகில் போர்த்தினார். அவர் கடைசிவரை ஞானஸ்நானம் பெறவில்லை. ஐயரும் அதற்காகப் பாசத்தைக் குறைத்துக்கொண்டதில்லை. அடக்கத்தில் பாட்டுப் பாட முடியாதபடி ஏழைகளின் அழுகை எழுந்ததாம்.

சிற்பத்தில் யார் வாயும் பேசவில்லை. கை மட்டும் கையைப் பிடித்திருக்கிறது.

*

பரிசுத்த ஆவியானவரைத் தேற்றரவாளன் என்கிறது நம் வேதாகமம். கிரேக்க மூலத்தில் அந்தச் சொல்லுக்குப் 'பக்கத்தில் வரும்படி அழைக்கப்பட்டவர்' என்று பொருள். தமிழில் வந்து சேர்ந்த சொல்லோ எங்கள் வயல் சொல். 'பயிர் தேறுமா' என்கிறோம். காய்ச்சல்காரனுக்கு 'உடம்பு தேறிடுச்சு' என்கிறோம். தேற்றுகிறவர் வேரை இழுத்துப் பார்க்கமாட்டார். தண்ணீர் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பார்.

*

தேற்றுவது என்றதும் மறுபடி சுவார்ட்ஸ் ஐயர்தான் நினைவுக்கு வருகிறார். ஐதர் அலி படையெடுத்த காலம். தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம், தெருவில் விழுந்து செத்தார்கள். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது, ஏற்றி வர மாடு இல்லை. மாட்டுக்காரர்கள் வரவில்லை. வாங்கியதற்குக் காசு கொடுக்காத சர்க்காரை யார் நம்புவார்கள்? நான் கொடுக்கிறேன் என்று சுவார்ட்ஸ் சொன்னார். ஓரிரு நாளில் 1,000 மாடுகள் வந்தன, சீக்கிரமே 80,000 கலம் நெல் வந்தது. சில வருஷம் கழித்து, கொடுமை தாங்காமல் நிலத்தைப் போட்டுவிட்டு ஓடிய குடியானவர்களுக்கு அவர் ஓலை அனுப்பினார். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள்.

ஆறுதல் சொல்லுகிறோம் என்கிறோமே, அந்தச் சொல் எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்று இதை நினைக்கும்போது தெரிகிறது. ஐயர் சொன்னது, பின்னால் தானே நின்று காசு கொடுத்த சொல். அவரும் பிரிவு அறியாதவரில்லை. 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தவர், ஜெர்மனியில் இருந்த சொந்த மண்ணை மறுபடி பார்க்கவே இல்லை. பாளையங்கோட்டையிலிருந்து அவர் தஞ்சைக்குக் கூட்டி வந்த சிறுவன் ஒருவன் உண்டு. அப்பாவை விட்டு வந்த பிள்ளை. பறித்து நட்ட நாற்று. பின்னாளில் வேதநாயகம் சாஸ்திரியார் என்று சபைகள் அவர் பாட்டைப் பாடின.

*

அடுத்த வயல் பெரியப்பாவைப் பற்றி எழுதாமல் விட்டால் நன்றிகெட்டதனம். அவர் மாரியம்மன் பக்தர். அடக்கம் ஆன மறுநாளிலிருந்து தினம் சாயங்காலம் வந்து திண்ணையில் உட்காருவார். அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. "வாய்க்கால்ல தண்ணி வருதா தம்பி?" என்பார். இருட்டியதும் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விடுவார். அந்த நேரத்துக்காகவே நான் விளக்கேற்றிவைத்தேன்.

*

நட்டு ஆறாம் நாள். பச்சை பிடிக்கவில்லை. மேட்டுப் பக்கம் சில குத்து அழுகிவிட்டது. நாற்றங்கால் ஓரத்தில் மிச்ச முடி கொஞ்சம் வைத்திருந்தேன். எடுத்துக்கொண்டு இறங்கினேன். சேற்றில் சத்தம் கேட்டுத் திரும்பினால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெரியப்பா. ஒரு முடியை வாங்கிப் பிரித்தார். செத்துப்போன இடமாகப் பார்த்து இரண்டு பேரும் குத்திக்கொண்டே போனோம்.