வாரிசைத் தேடலாம், மறைக்கலாமா?

அமெரிக்கக் கால்பந்து அணியில் 53 வீரர்கள் இருந்தாலும் களத்தில் குவார்ட்டர்பேக் ஒருவர்தான். அணியின் ஏறக்குறைய ஒவ்வொரு தாக்குதல் முயற்சியின் தொடக்கத்திலும் பந்து அவர் கைக்கு வருகிறது. எறிவதா, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்பதை ஓரிரு நொடிகளில் அவர் முடிவு செய்தாக வேண்டும். மற்ற இடங்களில் புதியவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பழக்கிவிடலாம். இந்த இடத்தில் அதற்கு வழியில்லை. கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பரைப் போல, ஒருவர் ஆடினால் மற்றவர் வெளியே உட்கார வேண்டியதுதான். அதனால், தேறிய குவார்ட்டர்பேக் ஒருவர் இருக்கும்போதே அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களை எடுக்க ஆண்டுதோறும் நடக்கும் டிராஃப்டில் அணி இன்னொருவரைத் தேர்ந்தெடுத்தால், இருப்பவருக்குக் கெடு குறிக்கப்பட்டுவிட்டது என்றே பொருள். இது நியாயமா?

இந்தக் கேள்வியைத் தெளிவாக எழுப்பிய அணி அட்லான்டா ஃபால்கன்ஸ். 2024 மார்ச்சில் அந்த அணி, மினசோட்டா வைக்கிங்ஸுக்கு ஆடிவந்த கிர்க் கசின்ஸை நான்கு ஆண்டுகளுக்கு 18 கோடி டாலர் ஒப்பந்தத்தில் அழைத்துக்கொண்டது. அதில் 10 கோடி டாலர் உறுதி அளிக்கப்பட்ட தொகை. அவருக்கு அப்போது வயது 35. குதிகால் தசைநார் அறுந்து ஐந்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஆறு வாரம் கழித்து ஏப்ரலில் நடந்த டிராஃப்டில், எட்டாவதாகத் தேர்வு செய்யும் உரிமையை வைத்திருந்த ஃபால்கன்ஸ், வாஷிங்டன் பல்கலைக்கழகக் குவார்ட்டர்பேக் மைக்கேல் பெனிக்ஸை எடுத்தது. கசின்ஸுக்கு அந்தச் செய்தி எட்டியபோது அணியின் முறை வந்து தேர்வுக்கான கடிகாரம் ஓடத் தொடங்கியிருந்தது.

அணியின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. 2022-இல் மேட் ரயனை அனுப்பிவிட்ட பிறகு மரியோட்டா, ரிடர், ஹைனிக் என ஆட்கள் வந்து போனார்களே தவிர, அட்லான்டாவில் அந்த இடம் நிலைக்கவில்லை. நல்ல குவார்ட்டர்பேக் தேவைப்படும் நாளில் தேடினால் கிடைப்பதில்லை என்பது அந்த அணி பட்டறிந்த பாடம். முன்கூட்டியே தேடியவர்கள் அடைந்த பலனும் கண்முன் இருந்தது. கிரீன் பே பேக்கர்ஸ் அணி 2005-இல், பிரெட் ஃபார்வ் ஆடிக்கொண்டிருந்தபோதே ஆரன் ராட்ஜர்ஸை 24-ஆவதாகத் தேர்ந்தெடுத்தது. அவர் மூன்று பருவங்கள் காத்திருந்தார். பிறகு லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை 2010 பருவத்தில் வென்று தந்தார். 1992-இலிருந்து 30 ஆண்டுகள் அந்த இடம் பெரும்பாலும் இந்த இருவர் கையில்தான் இருந்தது. கான்சஸ் சிட்டி அணி 2017-இல், அலெக்ஸ் ஸ்மித் நன்றாக ஆடிவந்தபோதே டிராஃப்ட் வரிசையில் மேலேறி வந்து பாட்ரிக் மஹோம்ஸை எடுத்தது. அதன் பலன் உலகறிந்தது.

இப்படி வெற்றிகளை அடுக்கித் தீர்ப்பு எழுதிவிட முடியாது. பலன் என்பது பாதி அதிர்ஷ்டம். அரிசோனா கார்டினல்ஸ் 2018-இல் ஜாஷ் ரோசனைப் பத்தாவதாக எடுத்தது. மறு ஆண்டே முதல் தேர்வில் கைலர் மரேயை எடுத்து, அடுத்த நாள் ரோசனை மயாமிக்கு அனுப்பிவிட்டது. ரோசன் அதற்குப் பிறகு எங்கும் வேரூன்றவில்லை. மஹோம்ஸின் பெயரைச் சொல்லி நியாயப்படுத்துபவர்கள் ரோசனின் பெயரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு செயல் அறமா என்பதை அது செய்யப்பட்ட நேரத்தில் தெரிந்திருந்தவற்றைக் கொண்டே எடைபோட முடியும்.

திருக்குறளின் தெரிந்துதெளிதல் அதிகாரம், ஆராயாமல் ஒருவரை நம்புவதையும் நம்பிய பின் சந்தேகிப்பதையும் சேர்த்தே கண்டிக்கிறது. அந்த அளவுகோலில் ஃபால்கன்ஸ் தோற்றுவிட்டதாக முதல் பார்வைக்குத் தோன்றும். ஆனால் ஒருவருடைய திறமையைச் சந்தேகிப்பது வேறு, அவருடைய வயதைக் கணக்கில் எடுப்பது வேறு. 35 வயதில் காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு அடுத்து யார் என்று யோசிக்காத நிர்வாகம், மற்ற 52 பேருக்கும் ரசிகர்களுக்கும் செய்ய வேண்டியதைச் செய்யத் தவறுகிறது. ஒப்பந்தம் சம்பளத்துக்கு உறுதி தருகிறது. நான்கு ஆண்டும் அந்த இடம் உனக்கே என்று எந்த ஒப்பந்தமும் எழுதித் தருவதில்லை. 2024 டிசம்பரில், 14 ஆட்டங்களில் 18 டச்டவுன் எறிந்து 16 எறிதல்களை எதிரணியிடம் பறிகொடுத்திருந்த கசின்ஸை உட்காரவைத்துப் பெனிக்ஸை இறக்கினார்கள். அதில் அறக்கேடு எதுவும் இல்லை. ஆடும் தகுதியை ஆட்டமே தீர்மானித்தது.

அப்படியானால் தவறு எங்கே? மார்ச் மாதத்தில். கசின்ஸ் அப்போது ஒரு முடிவெடுக்கும் இடத்தில் இருந்தார். மினசோட்டாவிலேயே தொடர்வதா, அட்லான்டாவுக்குக் குடிபெயர்வதா என்பது அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் பெரிய கேள்வி. மினசோட்டாவும் வாரிசு தேடிக்கொண்டிருந்த அணிதான். அதே டிராஃப்டில் பத்தாவதாக ஜே.ஜே. மெக்கார்த்தியை எடுத்தது. இரண்டு இடத்திலும் வாரிசு வரப்போகிறார் என்றால் பழகிய இடத்தை விட்டுப் போவானேன்? முன்பே தெரிந்திருந்தால் புறப்பட்டிருக்கக் காரணமே இருந்திருக்காது என்ற பொருளில் கசின்ஸும் பின்னாளில் ஓர் ஆவணத் தொடரில் பேசினார். ஒருவர் தன் வாழ்க்கையைப் பற்றி முடிவெடுக்கும்போது, அந்த முடிவையே மாற்றக்கூடிய செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு வாய்மூடி இருப்பது, பொய் சொல்வதற்கு அடுத்த வீட்டில் இருக்கிறது.

இதற்கு மூன்று மறுப்புகள் உண்டு. முதலாவது, இரகசியம். டிராஃப்டில் யாருக்கு யார்மீது கண் என்று கசிந்தால், போட்டி அணி முந்திக்கொண்டு அந்த வீரரைத் தூக்கிவிடும். உண்மைதான். ஆனால் பெனிக்ஸ் என்ற பெயரைச் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. "இந்த ஆண்டு முதல் சுற்றிலேயே ஒரு குவார்ட்டர்பேக்கை எடுக்க வாய்ப்பு உண்டு" என்று சொல்லியிருந்தால் போதும். இரண்டாவது, மார்ச்சில் அணியே முடிவு செய்திருக்காது என்பது. முடிவு செய்யவில்லை என்றால் அதையே சொல்லலாம். கேட்பவருக்கு அதுவும் பயனுள்ள செய்திதான். மூன்றாவது, பணம். 10 கோடி டாலர் வாங்கியவருக்கு என்ன குறை என்று கேட்பவர்கள் நிறைய. அந்தப் பணம் அவருடைய உழைப்புக்கான விலை. தெரிந்து தேர்ந்தெடுக்கும் உரிமையை அவர் அந்த விலைக்கு விற்கவில்லை. ஒருவர் பணக்காரர் என்பதால் அவரிடம் உண்மை பேசும் கடமை குறைந்துவிடாது.

மனம் திறந்து சொல்லாததன் விலையைப் பேக்கர்ஸும் கொடுத்தது. 2019-இல் 13 வெற்றிகளோடு இறுதிக்கு முந்தைய ஆட்டம் வரை போன அந்த அணி, 2020 டிராஃப்டில் மேலேறி வந்து ஜோர்டன் லவ்வை எடுத்தது. ராட்ஜர்ஸுக்கு அது எதிர்பாராத அடி. அவர் அடுத்த இரண்டு பருவங்களிலும் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கினார். நிர்வாகத்தோடு இருந்த மனக்கசப்பு மட்டும் தீரவில்லை. இன்னும் நன்றாகப் பேசியிருக்கலாம் என்று பொது மேலாளர் பிரையன் குட்டகுன்ஸ்ட் 2021-இல் ஒப்புக்கொண்டார். லவ்வை எடுத்தது தவறு என்று அவர் சொல்லவில்லை. அந்த வேறுபாடு முக்கியமானது.

உடன் ஆடுபவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2024 டிராஃப்டின் முதல் 14 தேர்வுகளில் ஒருவர்கூட எதிரணியின் தாக்குதலை எதிர்கொள்ளும் தடுப்பு வீரர் இல்லை. அதாவது எட்டாவது இடத்தில் நின்ற ஃபால்கன்ஸ், அந்த ஆண்டின் எந்தத் தடுப்பு வீரரையும் எடுத்திருக்கலாம். அப்படி எடுத்திருந்தால் அந்த ஆண்டே அணிக்கு உதவியிருக்கும். பெரும்பாலான வீரர்களின் ஆட்டக் காலம் சில ஆண்டுகளே. நாளைய அணிக்காக இன்றைய வாய்ப்பைச் செலவிடும்போது, நாளை அங்கே இருக்கமாட்டாதவர்கள் அதற்கு விலை தருகிறார்கள். இதைத் தவிர்க்க முடியாது. ஆனால் அணிக்கு வழக்கமாகக் கிடைப்பது ஆண்டுக்கு ஒரே ஒரு முதல் சுற்று வாய்ப்பு என்பதை மனதில் வைத்தே அந்தச் செலவைச் செய்ய வேண்டும்.

தேர்ந்தெடுக்கப்படும் இளைஞரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எந்த அணிக்குப் போவது என்பது அவர் கையில் இல்லை. 1936-இலிருந்து நடந்துவரும் இந்த முறையில் அணி அழைத்தால் போக வேண்டும். மறுத்து நின்று வென்றவர்கள் ஜான் எல்வே, ஈலை மேனிங் போல மிகச் சிலர். பெனிக்ஸ் அப்போது 24 வயதை எட்டவிருந்தவர். இரண்டு ஆண்டு பெஞ்சில் உட்கார்ந்தால் அவருக்கு அது பெரிய இழப்பு. தேர்ந்தெடுக்கும் உரிமையை அவரிடமிருந்து பறித்துக்கொண்ட அமைப்பு, எப்போது வாய்ப்பு வரும் என்பதையாவது அவருக்கு நேராகச் சொல்லக் கடமைப்பட்டது. மூத்தவர் இளையவருக்குக் கற்றுத்தர வேண்டும் என்று எதிர்பார்ப்பதிலும் அளவு வேண்டும். அலெக்ஸ் ஸ்மித் மஹோம்ஸுக்கு மனமாரக் கற்றுக்கொடுத்தார். அடுத்த ஜனவரியில் வேறு அணிக்கு அனுப்பப்பட்டார். அது அவருடைய பெருந்தன்மை. எந்த நிர்வாகமும் அதைக் கடனாகக் கேட்க முடியாது.

ஆகவே, புதிய குவார்ட்டர்பேக்கைத் தேர்ந்தெடுப்பது அணியின் உரிமை. பல நேரங்களில் கடமையும்கூட. 2025 நவம்பரில் பெனிக்ஸ் முழங்கால் காயத்தால் வெளியேற, கசின்ஸே திரும்பவும் அந்த இடத்துக்கு வந்தார். ஒருவரை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதற்கு அதுவே சான்று. ஆனால் அந்த உரிமையோடு ஒரு நிபந்தனையும் வருகிறது: பாதிக்கப்படப்போகிறவர், தன் முடிவை எடுப்பதற்கு முன்பே அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாரிசு தேடும் நிர்வாகம் எதுவானாலும், இருப்பவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து முதலில் சொல்லட்டும். அதன் பிறகு அவர் இருக்கலாம், விலகலாம், சம்பளத்தைக் கூட்டிக் கேட்கலாம். அந்த முடிவு அவருடையதாக இருக்க வேண்டும்.