எத்தனை லூமன் போதும்?

டார்ச் லைட் சேர்க்கும் பழைய ஆட்கள் கூடினால் பேச்சு பேட்டரிக் கட்டையில்தான் தொடங்கும். உங்கள் வீட்டில் இரண்டு கட்டையா, மூன்று கட்டையா? ஐந்து கட்டை லைட் வைத்திருந்தவருக்கு ஊரில் தனி மரியாதை. ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள் அவரிடம்தான் இரவல் கேட்டு நிற்பார்கள். கட்டை ஓய்ந்தால் வெயிலில் காயவைத்து இன்னும் ஓரிரு ராத்திரி ஓட்டுவோம். (சூடு ஏறினால் உள்ளே வேதிவினை கொஞ்சம் வேகம் பிடிக்கும்; அந்த நம்பிக்கையில் அவ்வளவு உண்மை உண்டு.) ஓய்ந்த கட்டையை லைட்டிலிருந்து எடுக்க மறந்துவிட்டால் துத்தநாக உறை அரித்துக் கசியும், ஸ்பிரிங்கில் பச்சைக் களிம்பு ஏறும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினால் சுவரில் மஞ்சள் வட்டம் விழும். தலைப்பகுதியைத் திருகத் திருக, பல்பின் இழை நிழலும் வளையமுமாக அதில் விரியும். அந்தச் சுவரைப் பார்ப்பதற்காகவே லைட் அடித்த பிள்ளைகள் நாங்கள்.

இரண்டு கட்டை லைட்டின் வெளிச்சம் இருபது லூமனைக்கூட எட்டியிருக்காது. இன்று ஒற்றை 18650 வகைப் பேட்டரியில் ஓடும், கைக்குள் அடங்கும் லைட் ஆயிரம் லூமனைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. 1993-இல் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யை உருவாக்கியதில்தான் எல்லாம் திரும்பியது. நீலத்தின் மேல் மஞ்சள் பாஸ்பரைப் பூசினால் வெள்ளை ஒளி. அந்த நீலத்துக்காக அகாசாகி, அமானோ ஆகியோரோடு அவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது.

முதலில் வந்த வெள்ளை எல்.இ.டி.களில் நீலம் தூக்கலாக இருக்கும், சிவப்பு போதாது. அந்த ஒளியில் பழுத்த தக்காளி வாடித் தெரியும், மனித முகம் வெளிறிக் கிடக்கும். ஆனாலும் வாங்கினோம். ஐநூறு, ஆயிரம், மூவாயிரம் என்று லூமன் ஏற ஏற வாங்கினோம்.

கண்ணின் கணக்கு வேறு. லூமனை இரட்டிப்பாக்கினால் வெளிச்சம் இரட்டிப்பாகத் தெரியாது. கொஞ்சம் கூடியதாகத்தான் படும். இரு மடங்கு தூரம் எட்டக் கற்றையின் செறிவு நான்கு மடங்காக வேண்டும். இருளுக்குக் கண் முழுதாகப் பழக அரைமணி நேரம் ஆகும். ஆயிரம் லூமனை ஒருமுறை பக்கத்தில் பாய்ச்சினால் அந்தப் பழக்கம் நொடியில் போய்விடும். லைட் விழும் இடம் பளிச்சென்று இருக்கும், அதைத் தாண்டி ஒன்றுமே தெரியாது. வரப்பில் நடக்கிறவருக்கு அது ஆபத்து. பாம்பு வட்டத்துக்குள்ளேதான் வரும் என்று என்ன நிச்சயம்?

இந்த லூமன் ஓட்டத்தில் நெடுநாள் ஓடியவர்கள் இப்போது தேடுவதைப் பார்க்கிறேன். நிறத்தை உள்ளபடி காட்டும் இளமஞ்சள் எல்.இ.டி. வேண்டும் என்கிறார்கள். ஒரு லூமனுக்கும் குறைவாக எரியும் 'நிலவொளி' நிலை வேண்டும் என்கிறார்கள். தூங்கும் குழந்தையை எழுப்பாமல் மருந்துச் சீட்டைப் படிக்க அது போதும். கரண்ட் போன ராத்திரி முழுக்க எரிந்தாலும் பேட்டரி தீராது.

பழைய காலம் திரும்பட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மங்கிப்போன கட்டையோடு இருட்டில் நடந்து கடிபட்டவர்களை ஊர் அறியும். மலிவான எல்.இ.டி. ஏழை வீட்டுக்குக் கொண்டுவந்த நிம்மதி மிகப் பெரியது. ஆனால் தேவை தீர்ந்த பிறகும் ஏறிக்கொண்டே போன அந்த எண்கள் எதற்காக? எதிரே வருகிறவரின் கண்ணைக் கூசச் செய்யும் வலிமை நம் கைக்கு வந்தது. மற்றபடி, எந்தப் பாதையும் அதனால் கூடுதலாகத் தெளிந்துவிடவில்லை. போதும் என்ற அளவு பழைய லைட்டில் பேட்டரியோடு வந்தது. இன்று அதை நாமே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அடுத்த முறை டார்ச் வாங்கும்போது அது அதிகபட்சம் எத்தனை லூமன் என்று கேட்பதற்கு முன், மிகக் குறைவாக எவ்வளவில் எரியும் என்று கடைக்காரரைக் கேளுங்கள். வீட்டில் பெரும்பாலான இரவுகளில் நீங்கள் பயன்படுத்தப்போவது அந்த வெளிச்சத்தைத்தான்.