நீதியைக் குழந்தையே சொல்லட்டும்

அறிவுரை காதோடு போகும், கதை மனதில் தங்கும் என்பதை அறிந்தவர் ராஜாஜி. 1925-இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். 1929-இல் அங்கிருந்து அவர் நடத்திய ‘விமோசனம்’ இதழ், மதுவின் கேட்டைக் கதைகளாகவும் படங்களாகவும் மக்களிடம் கொண்டுசென்றது. அந்த இதழில் அவருக்குத் துணைநின்றவர் கல்கி. வளர்ந்தவர்களுக்கே கதை தேவைப்பட்டது என்றால், பிள்ளைகளுக்குச் சொல்லவா வேண்டும்!

ஆனால் இன்று கதையை முடித்த கையோடு, “இதனால் அறியும் நீதி” என்று நாமே முந்திக்கொள்கிறோம். குழந்தை யோசிக்க இடமே இல்லாமல் போகிறது.

காக்கா, நரி, வடை கதையைச் சொல்லிவிட்டுச் சற்றுப் பொறுத்துப் பாருங்கள். புகழ்ச்சிக்கு மயங்கக் கூடாது என்ற பதிலை நாம் எதிர்பார்ப்போம். மடியில் கிடக்கும் பேத்தியோ, “அந்த வடையே காக்காயோடது இல்லியே அம்மாயி, பாட்டிகிட்டத் திருடுனதுதான?” என்பாள். நாம் கவனிக்காமல் விட்ட நீதி அவள் கண்ணில் பட்டுவிட்டது. “அப்ப காக்கா என்ன பண்ணியிருக்கோணும் கண்ணு?” என்று மட்டும் கேளுங்கள். “கேட்டு வாங்கியிருக்கோணும்” என்று அவளே சொல்வாள்.

பிறர் சொல்லிக் கேட்ட நீதி தேர்வு வரைக்கும் வரும். தானே யோசித்துக் கண்ட நீதி ஆயுள் முழுக்கக் கூட வரும். ஆகவே தினமும் ஒரு கதை சொல்லுங்கள்; முடிவுரையைக் குழந்தையிடம் விட்டுவிடுங்கள்.