கணிப்பொறிப் புழுவும் பொச்சாவாமையும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் என் கையால் ஒரு பெண்ணுக்குத் தீங்கு நேர்ந்தது. பேச்சிப்பாறையில் எங்கள் தெருமுனையில் சிறிய கணிப்பொறிக் கடை வைத்துப் பிழைப்பவள் அவள். என்னிடம் ஐந்தாம் வகுப்புப் பயின்றவள். கட்டுரை ஒன்றை அச்செடுக்க வேண்டி, அவளிடம் என் பென் டிரைவைக் கொடுத்தேன். அதற்கு முன் அதனை வேறோர் ஊரில் வேறொரு கடையிலும் செருகியிருந்தேன். மறுநாள் முதல் அவள் கடைக்கு வந்தவர்களின் பென் டிரைவ்களில் எல்லாம் கோப்புகள் மறைந்து, வெறும் குறுக்குவழிக் குறிகளே தென்பட்டன. சாதிச் சான்றிதழுக்கும் ரேஷன் அட்டைக்கும் விண்ணப்பிக்க வந்தவர்கள் அவளைத்தான் ஏசினார்கள். இரண்டு நாள் கடை பூட்டிக் கிடந்தது. காரணம் அறிந்து நான் போய் நின்றபோது, “டீச்சர், நீங்க தெரிஞ்சா செய்தீங்க?” என்றாள். ஆறுதலாகவே சொன்னாள். எனக்கோ அச்சொல் ஆறுதல் தரவில்லை. தெரியாமல் செய்தால் தீங்கு தீங்கன்று என்றாகிவிடுமோ?

இவ்வகை நிரலைப் ‘புழு’ என்கின்றனர். நம் இல்லங்களில் புழு என்றாலே கை தயங்கும், அஃது ஈரறிவுயிர். இந்தப் புழுவுக்கோ உயிரில்லை. அழிப்பதில் பாவமும் இல்லை. தன்னைத் தானே படியெடுத்துக்கொண்டு பொறிக்குப் பொறி பரவுவது இதன் இயல்பு. என் பென் டிரைவில் வந்தது மனிதர் கையையே ஊர்தியாகக் கொண்ட மெதுவான வகை. இணையத்தில் ஊர்வனவற்றுக்கு அதுவும் வேண்டா. பூட்டாத கதவு ஒன்று போதும்.

1988 நவம்பர் 2 அன்று, அமெரிக்கக் கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ராபர்ட் மோரிஸ் அத்தகைய புழு ஒன்றை விடுத்தார். பாதுகாப்பின் குறைகளைக் காட்டுவதே நோக்கம், அழிப்பதன்று என்பது அவர் தரப்பு வாதம். ஆயின் படியெடுக்கும் வேகத்தை அவர் தவறாகக் கணித்தமையால், அந்நாளைய இணையத்திலிருந்த சுமார் 60,000 பொறிகளுள் 6,000 வரை பாதிக்கப்பட்டன என மதிப்பிட்டனர். நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றே தீர்த்தது. ஆனால் சிறைக்கு அனுப்பாமல், மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 400 மணிநேரச் சமூகப்பணியும் அபராதமும் விதித்தது. எனக்கு இத்தீர்ப்பு ஏற்புடையதாகவே தோன்றுகிறது. எண்ணம் தண்டனையின் அளவைக் குறைக்கலாம். செயலை இல்லாததாக்க இயலாது.

2003 ஜனவரி 25 அன்று பரவிய ‘ஸ்லாமர்’ என்னும் புழுவின் அளவு 376 பைட் மட்டுமே. எட்டரை வினாடிக்கு ஒருமுறை இரட்டித்து, பத்தே நிமிடங்களில், தாக்குதலுக்கு இடமளித்த பொறிகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைப் பற்றிக்கொண்டது. அக்குறையை நீக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஆறு மாதம் முன்னரே வெளியிட்டிருந்தது என்பதுதான் வருந்தத்தக்கது. ஒஹாயோ மாநிலத்து டேவிஸ்-பெஸ்ஸே அணுமின் நிலையத்தில் பாதுகாப்பு நிலையைக் காட்டும் கணிப்பொறித் திரை ஏறக்குறைய ஐந்து மணிநேரம் செயலற்றுப் போயிற்று. அவ்வேளை அணு உலை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது நற்பேறு. கூடங்குளத்துக்கு அண்மையில் வாழும் எங்களுக்கு இது எங்கோ நடந்த செய்தியன்று. 2019இல் அந்நிலையத்தில், நிர்வாகப் பணிக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒரு கணிப்பொறியில் நச்சுநிரல் புகுந்திருந்ததை இந்திய அணுமின் கழகம் அக்டோபரில் ஒப்புக்கொண்டது. அது புழுவன்று, உளவு நிரல். உலையை இயக்கும் அமைப்பு தனியே இருந்ததால் பாதிப்பில்லை என்றனர். அவ்வாறு பிரித்து வைத்தவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

2017 மே 12 அன்று ‘வான்னக்ரை’ என்ற புழு, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணயத்தொகை கேட்டது. 150க்கு மேற்பட்ட நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான பொறிகள் சிக்கின. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. திருமலை தேவஸ்தான அலுவலகக் கணிப்பொறிகளும், சென்னையை அடுத்த ஓரகடத்துக் கார்த் தொழிற்சாலையும் தப்பவில்லை. இதற்கும் திருத்தம் மார்ச் மாதமே வந்துவிட்டது. அதனினும் கொடிது, அக்குறையை அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை நெடுநாள் அறிந்திருந்தும், தன் உளவுக்குப் பயன்படுமென மறைத்து வைத்திருந்தமை. அக்கருவி களவு போய் வெளிப்பட்ட பின்னரே புழு பிறந்தது. செய்தல், செய்வித்தல், உடன்படல் என வினையை மூவகையாகப் பகுத்த நம் ஆன்றோர், அறிந்தும் மறைத்தவரை எவ்வகையில் சேர்ப்பர்? ஏவவில்லை என்று அவர்கள் கூறலாம். கருவியைத் தீட்டியவர்கள் அவர்களே.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் இம்சைக்கு இலக்கணம் வகுக்கையில், உயிரைப் பிரித்தல் என்பதோடு நிறுத்தாது, பிரமத்த யோகத்தால் நிகழ்வது என்றும் சேர்த்துரைக்கிறது. பிரமாதத்தைத் திருக்குறள் பொச்சாப்பு என்னும். பொச்சாவாமைக்கு அதில் தனி அதிகாரமே உண்டு. ஆதலின் ‘தெரிந்தா செய்தாய்?’ என்பதைவிட, ‘விழிப்பாய் இருந்தாயா?’ என்பதே என்னைத் தைத்த வினா. என் வீட்டுக் கணிப்பொறி ‘புதுப்பிக்க வேண்டும்’ என நாள்தோறும் கேட்டது. நாள்தோறும் ‘பிறகு’ என்பதையே அழுத்தினேன்.

இங்கே ஒரு தடை எழும். பழைய பொறியை மாற்றப் பணமில்லாத கடைக்காரரையும், விலையுயர்ந்த கருவி பழைய நிரலில் மட்டுமே இயங்குவதால் திருத்த இயலாத மருத்துவமனையையும் பொச்சாந்தார் எனப் பழிப்பது முறையோ? முறையன்று. துறவிக்கு மகாவிரதம், இல்லறத்தாருக்கு அணுவிரதம் என அளவு வேறுபடுத்தியவர்கள் நம் முன்னோர். கோடிக்கணக்கான பொறிகளுக்கு மென்பொருள் விற்போரின் கடமையும், அணுமின் நிலையத்தாரின் கடமையும் என் மாணவியின் கடமையினும் பன்மடங்கு பெரியவை. ஆயினும் அணுவிரதமும் விரதமே. 1906இல் கட்டிமுடித்த எங்கள் அணையின் கால்வாய்க் கரையில் ஒரு நண்டு வளையை மேல்வயல்காரர் அடைக்காது விட்டால், அவர் பயிர் வாடுவதில்லை. கடைமடைக்காரரின் பயிரே வாடும்.

என் பாட்டியார் குடிநீரை ஒவ்வொரு முறையும் துணியில் வடிகட்டுவார். பின் அத்துணியை எடுத்த நீர்நிலையிலேயே அலசிவிடுவார். “நேற்றுத்தான் வடிகட்டினோமே” என்று சிறுமியாகிய நான் ஒருநாள் கேட்டேன். “அது நேற்றைய தண்ணீர்” என்றார்.

நாகர்கோவிலிலிருந்து வந்து பொறிகளைச் சீர்செய்தவரின் கூலியை நான் கொடுக்க முனைந்தபோது, அப்பெண் பாதியை மட்டுமே பெற்றுக்கொண்டாள். இப்பொழுது அவள் கடை வாயிலில் இணைய இணைப்பில்லாத பழைய பொறி ஒன்று தனியே இருக்கிறது. எவருடைய பென் டிரைவானாலும் முதலில் அதில் செருகிச் சோதித்த பின்னரே உள்ளே கொண்டுபோகிறாள். இக்கட்டுரையைக் கொண்டுசென்ற அன்றும், டீச்சர் என்று பாராமல், என்னைக் கால்மணி நேரம் திண்ணையில் அமர்த்திவைத்தாள்.