ஊர் திரும்பக் கேட்பது துரோகமா?

ஒருவன் தான் பிறந்து வளர்ந்த மண்ணிலேயே உழைத்து வாழ விரும்புவது நியாயமான ஆசை என்பதை எவரும் மறுக்கமாட்டார். ஆயின், அவ்வாசை அவன் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தோடும், அவனை நம்பியிருக்கும் மக்களின் எதிர்பார்ப்போடும் மோதும்போது நியாயம் எந்தப் பக்கத்தில் நிற்கின்றது? அவுஸ்திரேலியாவில் ஒவ்வோர் ஆண்டும் ஒக்ரோபர் மாதத்தில், உதைபந்தாட்டப் பருவம் முடிந்து கழகங்கள் தம்முள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் நாட்களில், இக்கேள்வி பகிரங்கமாக எழுகின்றது. வேறு மாநிலத்துக் கழகமொன்றில் ஆடும் இளைஞன் தன்னைச் சொந்த மாநிலத்துக் கழகத்துக்கு மாற்றிவிடும்படி கேட்கின்றான். உடனே நன்றிகெட்டவன், துரோகி என்ற சொற்கள் அவன்மீது வீசப்படுகின்றன. இதனை வெறும் விளையாட்டுச் செய்தி என்று நாம் தள்ளிவிடுவதற்கில்லை. உழைப்பவனுக்கும் அவனுடைய உழைப்பை வாங்குவோருக்கும் இடையேயுள்ள உறவு இங்கே திரையின்றித் தெரிகின்றது.

நாம் குறிப்பிடுவது உலகெங்கும் ஆடப்படும் உதைபந்தாட்டத்தை அன்று. நீள்வட்ட மைதானத்தில் பக்கத்துக்குப் பதினெண்மராக ஆடும் அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்தை. 1897இல் விக்டோரியா மாநிலத்தில் எட்டுக் கழகங்களுடன் அதன் பெரிய லீக் தொடங்கிற்று. நெடுங்காலம் மெல்பேண் நகரின் ஒவ்வொரு பகுதியும் தனக்கென ஒரு கழகத்தைக் கொண்டிருந்தது. தன் பகுதிப் பையனே தன் கழகத்துக்கு ஆடினான். பின்னர் வாணிபம் எல்லைகளை உடைத்தது. 1982இல் தென் மெல்பேண் கழகம் சிட்னிக்குப் பெயர்க்கப்பட்டது. 1987இல் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் குயின்ஸ்லாந்திலும் புதிய கழகங்கள் தோன்றின. 1990இல் லீக் நாடு தழுவிய பெயரைச் சூடிக்கொண்டது. இன்று அதில் 18 கழகங்கள் உள. அவற்றுட் பத்து விக்டோரியாவிலேயே இருக்கின்றன.

லீக் நாடளாவி விரிந்த காலத்திலேயே, 1986இல், புதிய வீரர் தெரிவு முறை புகுத்தப்பட்டது. பதினெட்டு வயதையடைந்த திறமைசாலிகளைக் கழகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிவு செய்கின்றன. முந்திய பருவத்திற் கடைசி இடத்தைப் பெற்ற கழகத்துக்கே முதலுரிமை. எக்கழகமும் வீரர் சம்பளத்துக்கு மொத்தமாகச் செலவிடக்கூடிய தொகைக்கும் உச்சவரம்பு உண்டு. செல்வம் மிக்க கழகங்கள் திறமையனைத்தையும் விலைக்கு வாங்கிக் குவிக்காமலும், வறிய கழகங்கள் நசிந்து போகாமலும் காப்பதே இதன் நோக்கம். பணத்தின் ஆதிக்கத்தை எதிர்ப்போராகிய நாம் இந்நோக்கத்தைக் குறை கூறமுடியாது. சந்தையை அதன் போக்கில் விட்டுவிட்டால் வலியது மெலியதை விழுங்கும் என்பதை இவ்வேற்பாடு வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கின்றது.

ஆயின், இந்தச் சமத்துவத்துக்கான விலையைக் கொடுப்பவர் யார்? கழக நிர்வாகிகள் அல்லர். ஒளிபரப்பு உரிமையை வாங்கும் நிறுவனங்களும் அல்ல. பாடசாலையை விட்டு அப்போதுதான் வெளியேறிய இளைஞனே அதைக் கொடுக்கின்றான். பேர்த் நகரத்துப் பையனை மெல்பேண் கழகம் தெரிவு செய்தால், அவன் ஏறக்குறைய 2,700 கிலோமீற்றர் தொலைவுக்குக் குடிபெயர வேண்டும். மறுத்தால் அந்த லீக்கில் அவனுக்குத் தொழில் இல்லை. நவீன விமானங்கள் தூரத்தைக் குறைத்துவிட்டன என்று சிலர் சமாதானம் கூறுவர். கொள்ளைநோய்க் காலத்தில், 2020 ஏப்ரலில் மேற்கு அவுஸ்திரேலியா தன் எல்லையை மூடிற்று. 2022 மார்ச்சிலேயே அதனை முழுமையாகத் திறந்தது. பெற்றோர் ஒரு புறமும் தொழில் மறு புறமுமாக இருந்த இளைஞர்களுக்குத் தூரம் என்பது என்னவென்று அப்போது நன்றாகவே விளங்கியிருக்கும்.

இனி விசுவாசம் என்னும் சொல்லை ஆராய்வோம். ஒருவன் தானே விரும்பி ஓர் இடத்தை அடைந்து, அங்குள்ளோரோடு பிணைந்து நிற்பதையே விசுவாசம் என்கின்றோம். பிறர் தெரிவு செய்து அனுப்பிய இடத்தில் அவன் நிற்பதற்குக் கீழ்ப்படிவு என்று பெயர். கீழ்ப்படிவு நாளடைவில் விசுவாசமாக மலரலாம். பலரிடம் மலர்ந்தும் இருக்கின்றது. ஆனால், மலராதவனைத் துரோகி என்பது எங்ஙனம் பொருந்தும்?

அன்றியும், விசுவாசத்தைக் கேட்போர் தாம் அதைக் காட்டுகின்றனரா? ஆண்டுதோறும் கழகங்கள் பயன் குன்றிய வீரர்களைப் பட்டியலிலிருந்து நீக்குகின்றன. 2020இல் கொலிங்வுட் கழகம், ஐந்தாண்டு ஒப்பந்தம் எஞ்சியிருந்த அடம் ட்ரெலோரை, அவர் அங்கேயே இருக்க விரும்பியபோதும், வேறு கழகத்துக்கு அனுப்பிவைத்தது. சம்பள உச்சவரம்பின் நெருக்கடியே அதன் பின்னணி. கழகம் கைவிட்டால் அது நிர்வாகம் என்றும், வீரன் வெளியேறினால் அது துரோகம் என்றும் பேசப்படுகின்றது. ஒரே செயலுக்கு ஆளுக்கொரு பெயர் சூட்டும் இத்தகைய அறம், வலியவனின் வசதிக்காக ஆக்கப்பட்ட அறமேயாகும்.

இவ்வகையில் 1983ஆம் ஆண்டு வழக்கொன்று நினைவு கூரத்தக்கது. தென் மெல்பேண் கழகம் சிட்னிக்குப் பெயர்ந்தபோது, சில்வியோ பொஸ்கினி என்ற இளம் வீரர் தாமும் பெயர விரும்பவில்லை. மெல்பேணிலேயே உள்ள சென்ற் கில்டா கழகத்துக்கு ஆடக் கேட்டார். அனுமதி மறுக்கப்பட்டது. ஊரை விட்டு ஓடியது கழகம். ஊரிலே நிற்க விரும்பியவர் வீரர். ஆயினும், விதிகள் கழகத்தின் பக்கமே இருந்தன. விக்டோரியா உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் கிறொக்கற், அவ்விதிகள் ஒருவன் தொழில் செய்யும் உரிமையை நியாயமற்ற முறையில் தடுக்கின்றன எனத் தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பின் பின்னர் பழைய வட்டார முறை நிலைக்கவில்லை. மூன்றாண்டுகளில் புதிய தெரிவு முறை வந்தது. றக்பி லீக்கில் ஏற்படுத்தப்பட்ட இதையொத்த தெரிவு முறையையும் 1991இல் அந்நாட்டின் நீதிமன்றம் செல்லாது என்றது. எனினும், உதைபந்தாட்டத் தெரிவு முறை இன்றும் நிலைத்து நிற்கின்றது.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நாம் நேர்மையாக எடைபோட வேண்டும். 2013ஆம் ஆண்டு முடிவில் பிறிஸ்பேண் கழகத்திலிருந்து ஐந்து இளம் வீரர்கள் ஒருமிக்க வெளியேறினர். அவர்களுள் ஜாரெட் பொலெக் தென் அவுஸ்திரேலியாவுக்கும், எலியற் யோ மேற்கு அவுஸ்திரேலியாவுக்கும், சாம் டொக்கேர்ட்டி விக்டோரியாவுக்கும் திரும்பினர். வளரும் பயிரை ஒரே இரவில் அறுத்துச் சென்றது போலாயிற்று கழகத்தின் நிலை. நட்டம் அடைந்தோர் நிர்வாகிகள் மட்டுமல்லர். மழையிலும் வெயிலிலும் நின்று அக்கழகத்தைக் கொண்டாடிய எளிய மக்களும் அடைந்தனர். அவர்களுக்கு அந்த இளைஞர்கள் எவ்விதக் கடமையும் இல்லாதவர்களா?

நம் வாசகருள் ஆசிரியர் பலர் இருப்பதால் அவர்கள் அறிந்த ஓர் ஒப்புமையைக் கூறுவோம். முதல் நியமனத்திலே கஷ்டப் பிரதேசப் பாடசாலைக்கு அனுப்பப்பட்ட ஆசிரியர் சில ஆண்டுகளின் பின் ஊருக்கு இடமாற்றம் கேட்கின்றார். அவர் கேட்பது நியாயமே. ஆனால், அவர் போனபின் கணிதம் கற்பிக்க ஆளில்லாத வகுப்பறையின் துயரமும் மெய்யே. இரண்டு உண்மைகளுள் ஒன்றை மறைத்துவிட்டு மற்றதைப் பேசுவது எளிது, அது நேர்மையாகாது. அவ்வகுப்பறையை நிரப்பும் பொறுப்பு அந்த ஒரு மனிதருடைய வாழ்நாளின்மேல் சுமத்தப்பட வேண்டியதா, அவரை அனுப்பிய அமைப்பின்மேல் சுமத்தப்பட வேண்டியதா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

அப்படியாயின், கொடுத்த வாக்குக்கு மதிப்பே இல்லையா? உண்டு. இங்கே ரிம் கெலி என்ற வீரரின் நடத்தை நமக்கு ஒரு வழியைக் காட்டுகின்றது. மேற்கு அவுஸ்திரேலியரான அவரை 2017இல், 23ஆவது வயதில், விக்டோரியாவிலுள்ள ஜீலோங் கழகம் தெரிவு செய்தது. சிறு பிள்ளைகளைக் கொண்ட குடும்பத்தவரான அவர் 2018 முடிவில் ஊர் திரும்பக் கேட்டார். பேரம் முடிவாகவில்லை, ஒப்பந்தம் இன்னும் ஓராண்டு எஞ்சியிருந்தது. அவர் சோர்ந்து கிடக்கவில்லை. 2019இல் நாட்டின் தலைசிறந்த வீரர் அணியில் இடம்பெறுமளவுக்கு ஆடினார். ஜீலோங் அப்பருவத்திற் புள்ளி வரிசையில் முதலிடம் பெற்றது. அதன்பின் வெஸ்ற் கோஸ்ற் கழகத்துக்கு மாறி ஊர் சேர்ந்தார். எழுதிக் கொடுத்த காலத்துக்கு முழு உழைப்பு. அக்காலம் முடிந்தபின் தன் வாழ்வு தன்னுடையது. இதைவிட அதிகமாக ஓர் உழைப்பாளியிடம் எவரும் கேட்பதற்கில்லை.

பெருஞ் சம்பளம் பெறுவோருக்கு இரக்கம் எதற்கு என்று கேட்போர் நம் அணியிலும் உளர். சம்பளம் உழைப்பின் விலை. ஆளின் விலை அன்று. ஒருவனுக்கு அதிகம் கொடுத்துவிட்டதால் அவனுடைய தாய் தந்தையரையும் அவன் ஊரையும் சேர்த்து வாங்கிவிட்டதாக எண்ணுவது அடிமை முறையின் எச்சமேயாகும். வீடு என்பது சிலருக்கு வெறும் சாட்டு என்பதும் உண்மையே. வெஸ்ற் கோஸ்ற் கழகத்துக்கு 2006இல் தலைமை தாங்கிக் கிண்ணம் வென்ற கிறிஸ் ஜட், 2007இல் தாம் பிறந்த விக்டோரியாவுக்குத் திரும்ப விரும்பியபோது, மெல்பேண் கழகங்கள் பலவற்றோடு பேசி, ஒன்றைத் தெரிந்தெடுத்தார். அத்தகைய பேரவலிமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆயினும், அதே பேரத்தில் கார்ல்ரன் கழகத்திலிருந்து மறுதிசையில் அனுப்பப்பட்ட இளைஞர் ஜொஷ் கென்னடி தாம் பிறந்த மேற்கு மாநிலத்திலேயே வேரூன்றி, வெஸ்ற் கோஸ்ற் கழக வரலாற்றில் ஆகக் கூடிய கோல்களை அடித்தவரானார். நட்டம் என்று ஊரார் புலம்பியது முழுவதும் நட்டமாகவே முடியவில்லை.

இவர்களுக்கேனும் திரும்பிச் செல்ல ஓர் இடம் இருந்தது. வட பிரதேசத்து இளைஞன் எந்தக் கழகத்துக்கு மாற்றம் கேட்பான்? அப்பிரதேசம் அற்புதமான ஆதிக்குடி வீரர்களை லீக்குக்கு வழங்கியிருக்கின்றது. ஆனால், அங்கே லீக்கின் கழகம் ஒன்றேனும் இல்லை. நான்கு முறை கிண்ணம் வென்ற ஹோதோர்ன் அணியில் ஆடிய சிறில் ரியோலி, 2018இல், 28ஆவது வயதில், ஆட்டத்தையே துறந்து டார்வினுக்குத் திரும்பினார். நிலமும் உறவும் பிரிக்க முடியாதவை எனக் கருதும் மக்களிடமே, ஊரா தொழிலா என்ற தெரிவு மிகக் கொடிய வடிவில் திணிக்கப்படுகின்றது. தஸ்மேனியாவும் நெடுங்காலம் வீரர்களை அனுப்பும் நிலமாகவே இருந்தது. 2023இலேதான் அதற்குக் கழக அனுமதி கிடைத்தது. 2028இல் அது ஆடத் தொடங்குமெனத் திட்டமிடப்பட்டுள்ளது. ஊர் திரும்பும் ஆசை எல்லோருக்கும் பொது. அதனை நிறைவேற்றும் வாய்ப்போ மூலதனம் எங்கே கழகத்தை அமைத்ததோ அங்கே மட்டும்.

ஆகவே, பரிகாரம் இளைஞர்களுக்கு விசுவாசத்தைப் போதிப்பதில் இல்லை; விதிகளைத் திருத்துவதில் இருக்கின்றது. விதிகள் தெய்வ வாக்குகளல்ல. 1973இல் வீரர்கள் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். ஒரே கழகத்தில் எட்டாண்டு உழைத்தவர் ஒப்பந்தம் முடிந்ததும் ஓரளவு சுயேச்சையாக வேறு கழகம் நாடலாம் என்ற உரிமை, அச்சங்கத்தின் பேச்சுவார்த்தையால் 2012இல் நடைமுறைக்கு வந்தது. சிட்னியிலும் குயின்ஸ்லாந்திலும் உள்ளூர்ப் பையன்களைப் பயிற்றி உள்ளூர்க் கழகத்திலேயே சேர்க்கும் பயிற்சிக் கூடங்கள் தோன்றின. ஐவரை இழந்த பிறிஸ்பேண் கழகமும் அழிந்துவிடவில்லை. 2024இலும் 2025இலும் அதுவே கிண்ணத்தை வென்றது. ஒருவனைப் பிடித்து வைப்பதால் மட்டும் கழகம் வாழ்வதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எட்டாண்டு என்பது ஒரு வீரனுடைய தொழில் வாழ்வில் பெரும் பகுதி. அதற்கு முன்னரே பலருடைய உடல் தேய்ந்து ஆட்டம் முடிந்துவிடுகின்றது. அக்காலத்தைக் குறைப்பதும், தொலைவுக்கு அனுப்பப்படும் இளைஞனுக்கு முதல் ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்பும் உரிமையை விதியாகவே எழுதி வைப்பதும், அவனை இழக்கும் மெலிந்த கழகத்துக்குரிய ஈட்டை லீக்கின் பொது வருவாயிலிருந்து கொடுப்பதும் செய்யக்கூடாதவையல்ல. கழகங்களிடையே சமத்துவம் வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. அதன் சுமையை எல்லோரும் பகிர்ந்து ஏற்க வேண்டும். பதினெட்டு வயதுப் பையனுடைய முதுகில் மட்டும் ஏற்றிவிட்டு, அவன் தளரும்போது துரோகி எனக் கூவுவதைத்தான் நாம் ஏற்கமாட்டோம்.