மல்லாட்டைக் கொல்லையில் பழமலைநாதன்

பழமலைநாதா, உன் விருத்தாசலம் கோயிலுக்கு வருகிறவர்கள் ஆழத்துப் பிள்ளையாரைப் பார்க்கப் படி இறங்குகிறார்கள். உன் ஊரைச் சுற்றிய கொல்லைகளிலோ பூவே மண்ணுக்குள் இறங்குகிறது! விடியலில் மஞ்சளாய் மலர்ந்து, தன் மகரந்தத்தாலேயே சூல்கொண்டு வாடுகிறது மல்லாட்டை என்கிற நிலக்கடலையின் பூ. பிறகு அதன் அடி நீண்டு ஊசியாகி மண்ணைத் துளைக்கிறது. வெளிச்சத்தில் நின்றுவிட்ட ஊசி காய்ப்பதில்லை. அதற்கு இருட்டு வேண்டும். கருவறையை ஏன் இருட்டாக வைத்தாய் என்று இனி உன்னைக் கேட்க மாட்டேன்.

கொல்லைக்காரப் பெரியவர் ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினார். "நாப்பது, நாப்பத்தஞ்சு நாளுல ஜிப்சம் போட்டு மண்ணு அணைச்சுடணும் சாமி, இல்லன்னா பொக்காப் பூடும்" என்றார். சுண்ணாம்புச் சத்தை வேர் கொண்டுவந்து தரட்டும் என்று காய் காத்திருப்பதில்லை. தன் தோலாலேயே மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. நடுவில் பூசாரி இல்லாத பிரசாதம்! ஈரமண்ணை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டேன்; கண் நிறைந்துவிட்டது.

தென்னமெரிக்காவில் பிறந்த செடி இது. அதற்குத்தான் எத்தனை சுபாவம் கொடுத்திருக்கிறாய்! கொடி மல்லாட்டை படர்ந்து, நாலு மாதத்துக்கு மேலும் நிற்கும். அதன் விதைக்கு உறக்கம் உண்டு. அறுவடையில் மழை பிடித்தாலும் மண்ணுக்குள் அசையாமல் கிடக்கும். கொத்து மல்லாட்டையோ 100, 105 நாளில் காரியத்தை முடித்துவிடும். மழை குறைந்த மானாவாரிக்கு அதுதான் துணை. ஆனால் உறக்கம் இல்லாத விதை அது. முற்றியபின் ஈரம் பட்டால் செடியிலேயே முளைத்துவிடும். ஒன்றுக்கு வேகம், ஒன்றுக்குப் பொறுமை. இரண்டையும் ஒரே செடியில் சேர்க்கத்தான் ஆராய்ச்சிக்காரர்கள் மல்லுக்கட்டுகிறார்கள். குடியாத்தம் கொத்து மல்லாட்டையிலிருந்து பொறுக்கிய டி.எம்.வி. 2 ரகத்தைத் திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் 1940இல் கொடுத்தது. வி.ஆர்.ஐ. என்று பெயர் தாங்கியவை உன் ஊர் நிலையத்துப் பிள்ளைகள். பொறுக்கியது அவர்கள், பொறுக்குவதற்கு அங்கே வைத்திருந்தவன் நீ.

எள்ளைச் சொல்லாமல் விட்டால் உன் விளக்கு என்னை மன்னிக்காது. ஆணிவேரை ஆழ இறக்கி வறட்சியைத் தாங்கும் எள், தண்ணீர் தேங்கினால் அழுகிப்போகும். நெல் அறுத்த டெல்டா வயலில் மிஞ்சிய ஈரமே அதற்குப் போதும். முற்றவிட்டால் காய் வெடித்து விதை சிதறும், அதனால் அடிக்காய் மஞ்சளாகும்போதே அறுத்துக் கட்டுகிறார்கள். செடிக்கு அந்த வெடிப்பு வம்சம் பரப்பும் வழி. நமக்கு நஷ்டம்! உன் விளையாட்டில் எனக்குக் கொஞ்சம் வருத்தமான இடம் இதுதான்.

விதை வாங்கப் போகும் உழவர்களே, சுபாவம் இப்படி ரகத்துக்கு ரகம் மாறுவதால், உங்கள் மண்ணையும் பட்டத்தையும் தண்ணீர் வசதியையும் சொல்லி ரகம் கேளுங்கள். பக்கத்துக் கொல்லையில் நன்றாக விளைந்தது என்பதை மட்டும் நம்பி மூட்டையைத் தூக்கி வராதீர்கள்.